கல்நாரும் தேயிலைக் கொழுந்தும்

சென்ற மாதத்து ஞாயிறொன்றில், பல்லாண்டுகளுக்கு முன் என்னிடம் நன்னூல் பயின்ற மாணாக்கன் ஒருவன் என் இல்லந் தேடி வந்தான். கேகாலை மாவட்டத்துத் தோட்டமொன்றிற் பிறந்து, இப்பொழுது கொழும்பிற் கணக்கெழுதும் தொழில் புரிபவன். அவன் கையில் ஆங்கிலத்தில் அச்சிட்ட தாள்கள் சில இருந்தன. "சேர், அப்பாவுக்கு நெஞ்சில் நீர் கட்டியிருக்கிறது என்று மூன்று மாதம் மருந்து கொடுத்தார்கள். இப்போது சதையை வெட்டிப் பரிசோதித்துவிட்டு வேறு பெயர் சொல்கிறார்கள். இதற்கு இன்டர்பெரோன் என்று ஒரு மருந்து இருக்கிறதாம். வாசித்துப் பார்த்து உண்மையா என்று சொல்லுங்கள்" என்றான்.

இலக்கணம் கற்பித்தவனிடம் மருத்துவம் வினவுதல் முறையோ என்று யான் தயங்கினேன். ஆயின் எழுத்தறிந்தவனிடம் எல்லா எழுத்தையுங் கொண்டுவந்து நீட்டுதல் தோட்டத்து மக்களின் பழைய வழக்கம். கடிதமும் கடன்பத்திரமும் சாதகமும் படித்துக் கொடுத்த கண்களுக்கு இதுவும் ஒரு பத்திரமே. விஞ்ஞானம் கற்பிக்கும் நண்பர் ஒருவரைத் துணைக்கொண்டு அத்தாள்களையும் அவற்றின் வழியே வேறு பலவற்றையும் படித்தேன். படித்தவை மருந்தோடு நில்லாமல் நம் தேயிலை மலைவரை இழுத்துச் சென்றமையால் இக்கட்டுரை எழுதலாயிற்று.

நோயின் பெயர் மீசோதீலியோமா. நெஞ்சறையின் உட்புறத்தையும் நுரையீரலின் வெளிப்புறத்தையும் போர்த்தியிருக்கும் மெல்லிய சவ்விலே தோன்றும் புற்று இது. வயிற்றறையின் சவ்விலுஞ் சிறுபான்மை தோன்றும். பிற புற்றுகளுக்குப் பல காரணங் கூறுவர். இதற்கோ பெரும்பாலும் ஒன்றே காரணம். புகைப்பழக்கம் அன்று, வெற்றிலையும் அன்று. அஸ்பெஸ்டஸ் என்னுங் கனிப்பொருளின் தூசியே அது.

அஸ்பெஸ்டஸ் என்னும் கிரேக்கச் சொல்லுக்கு அணையாதது என்று பொருள். தமிழில் அதனைக் கல்நார் என்கிறோம். கல்லாகிய நார் என விரிப்பின் இருபெயரொட்டுப் பண்புத்தொகை. கல்லினது நார் என விரிப்பின் ஆறாம் வேற்றுமைத்தொகை. வகுப்பிலே இதனைப் பலகால் எடுத்துக்காட்டாகக் கூறியிருக்கின்றேன். அந்நார் எத்தகையது என்பதை மட்டும் யான் ஒருநாளுங் கூறியதில்லை, எனக்குந் தெரியாது.

பிற கற்களை உடைத்தாற் பொடியாகும். இதனை உடைத்தால் இழையாகும். அவ்விழை பின்னும் பின்னும் பிளந்து, கண்ணுக்குப் புலனாகா நுண்ணிழையாய்க் காற்றில் மிதக்கும். மூச்சோடு உட்புகுந்த இழையை விழுங்கியழிக்க உடலின் காவற் கலங்கள் முயல்கின்றன. இழையோ அக்கலங்களினும் நீளமானது. விழுங்கவும் மாட்டாமல், விட்டொழியவும் மாட்டாமல் அவை நெடுங்காலம் போராட, அவ்விடம் ஓயாத அழற்சிக்கு உள்ளாகின்றது. 20 முதல் 50 ஆண்டுகள் கழிந்தபின் ஒருநாள் அங்கே புற்று முளைக்கின்றது. இளமையில் உட்கொண்ட தூசிக்கு முதுமையிற் கணக்குத் தீர்க்கவேண்டியிருத்தலால், அதற்குள் தொழிலை விட்டவர், ஊரை விட்டவர், பிற காரணத்தால் இறந்தவர் பலர். எந்த முதலாளியும் இதற்கு முகங்கொடுக்க வேண்டியதில்லாமற் போவது இதனாலேயே.

இது வெறும் ஊகமன்று. 1960 ஆம் ஆண்டில் தென்னாபிரிக்காவில் வாக்னர் என்னும் நோயியலறிஞரும் அவர்தந் தோழர் இருவரும் 33 நோயாளரின் வரலாற்றை வெளியிட்டனர். அவருட் பலர் சுரங்கத்தில் இறங்கி வேலை செய்தவரல்லர். நீலக் கல்நார்ச் சுரங்கங்களின் அண்மையிலே பிள்ளைப் பருவத்தைக் கழித்தவர். சுரங்கத்தின் தூசி பறந்த தெருவில் விளையாடியதே அவர் செய்த வேலை. அறுபதாண்டுகளுக்கு மேலாக உலகம் இதனை அறியும் என்பதை ஈண்டு நினைவில் வைத்தல் வேண்டும். பின்னர் இதற்கு மீளுவோம்.

இனி என் மாணாக்கன் வினாவிய மருந்து. 1957 ஆம் ஆண்டில் இலண்டன் மில் ஹில் ஆராய்ச்சி நிலையத்தில் அலிக் ஐசக்ஸ் என்பவரும், சுவிற்சர்லாந்து நாட்டினரான ஜீன் லிண்டன்மான் என்பவரும், கோழிமுட்டைச் சவ்வின் துண்டுகளை வெப்பத்தாற் செயலிழந்த இன்புளுவென்சா வைரசுகளோடு சேர்த்து வைத்தனர். சவ்விலிருந்து ஒரு பொருள் சுரந்தது. அப்பொருளைப் புதிய சவ்வின்மேல் இட்டபொழுது அங்கே உயிருள்ள வைரசும் வளரமாட்டாதாயிற்று. தாக்குண்ட கலம் தன் அயற்கலங்களுக்கு விடுக்கும் எச்சரிக்கை அது. வைரசின் வளர்ச்சியிற் குறுக்கிடுதலின் அதற்கு இன்டர்பெரோன் என்று பெயரிட்டனர். குறுக்கீட்டுப் புரதம் என நாம் கூறின் பொருந்தும்.

அப்பொருளை உடல் மிகச் சிறிதளவே சுரக்கும். பின்லாந்து நாட்டுக் காரி கான்டெல் தானமாகப் பெற்ற குருதியின் வெண்கலங்களிலிருந்து அதனைச் சிறிது சிறிதாகப் பிரித்தெடுத்தார். 1980 ஆம் ஆண்டையொட்டி, நுண்ணுயிர்களுக்குள் மனித மரபணுவைப் புகுத்தி வேண்டியவளவு விளைவிக்கும் வழி பிறந்தது. உடலின் படையைக் கொண்டே புற்றை அழித்துவிடலாம் என்று மேனாட்டுப் பத்திரிகைகள் ஆரவாரித்தன. 1986 இல் அரியதோர் இரத்தப் புற்றுக்கு அமெரிக்கா இம்மருந்தை ஏற்றுக்கொண்டது. மற்றப் புற்றுகளில் ஆரவாரத்துக்கு ஏற்ற பயன் விளையவில்லை.

கல்நார்ப் புற்றில் விளைந்தது என்ன? 1994 ஆம் ஆண்டில் பிரான்சு தேசத்து மார்சேய் நகரத்து மருத்துவர் பூத்தனும் அவர்தங் கூட்டத்தாரும் 89 நோயாளரின் முடிவுகளை வெளியிட்டனர். காமா வகை இன்டர்பெரோனை நரம்பில் ஏற்றாமல், நெஞ்சறைச் சவ்வின் இடைவெளிக்குள்ளேயே கிழமைக்கு இருமுறையாக இரண்டு மாதம் செலுத்தினர். எண்மருக்கு நோய் முற்றும் மறைந்தது. ஒன்பதின்மருக்கு ஓரளவு சுருங்கிற்று. மொத்தத்தில் ஏறத்தாழ ஐவருள் ஒருவருக்குப் பயன். முதற்கட்டத்தில் அகப்பட்டவரை மட்டும் பிரித்தெண்ணினால் நூற்றுக்கு 45 பேர்.

இந்த 45 என்னும் எண்ணையே என் மாணாக்கன் சிவப்பு மையால் வளைத்திருந்தான். யானும் அதனைக் கண்டு சிறிது மகிழ்ந்தேன். பின்னர் அதன் அயலிலிருந்த சொல்லைக் கவனித்தேன்: முதற்கட்டம். நெஞ்சில் நீர் கட்டினால் நம் நாட்டில் முதலில் எண்ணப்படுவது காசநோய். அவ்வாறு எண்ணுதல் மருத்துவரின் பிழையன்று. காசநோய் இந்நாட்டில் அவ்வளவுக்குப் பழகிய நோய். அதற்குரிய மருந்தைக் கொடுத்துச் சில திங்கள் பார்த்து, குணங்காணாதபொழுது சதை எடுத்துச் சோதித்து, அச்சதையைச் சிறப்பான சாயங்களிட்டு நோக்கி, பின்னரே இப்பெயர் வெளிப்படும். அதற்குள் முதற்கட்டம் கடந்துவிடுகின்றது. மேனாடுகளிலும் பெரும்பாலோர் பிந்தியே அகப்படுகின்றனர். அம்மருந்து அதனால் இந்நோய்க்குரிய பொதுச் சிகிச்சையாக நிலைபெறவில்லை.

நிலைபெற்றவை வேறு. 2003 இல் பெமெட்ரெக்செட், சிஸ்பிளாட்டின் என்னும் இரு மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்ததால் நோயாளரின் நடுத்தர வாழ்நாள் 9.3 திங்களிலிருந்து 12.1 திங்களாயிற்று. அதன்பின் பதினேழாண்டுகள் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் அரிதாகவே இருந்தது. உடலின் காவற் கலங்களுக்கு இயல்பாகவே கடிவாளங்கள் சில உண்டு. தன்னுடலையே அவை தாக்காதிருத்தற்பொருட்டு. புற்றுக்கலம் அக்கடிவாளத்தைப் பற்றி இழுத்துத் தப்பித்துக்கொள்கின்றது என்பதையும், அதனை அவிழ்த்துவிட்டாற் படை மீண்டும் போர்புரியும் என்பதையும் ஆராய்ந்த அலிசன், ஹொன்ஜோ இருவரும் 2018 இல் நோபெல் பரிசு பெற்றனர். அவ்வழியிற் பிறந்த நிவோலுமாப், இபிலிமுமாப் என்னும் மருந்துகளை 605 பேரைக் கொண்டு ஆராய்ந்த முடிவு 2021 இல் வெளியாயிற்று. பழைய சிகிச்சையில் நடுத்தர வாழ்நாள் 14.1 திங்கள், புதியதில் 18.1. மூன்றாண்டு கடந்தும் உயிரோடிருந்தோர் பழையதில் நூற்றுக்கு 15, புதியதில் 23.

விந்தையொன்று இதில் உண்டு. படையை அழைக்கும் அதே காமா இன்டர்பெரோன், புற்றுக்கலத்தின் மேற்பரப்பிலே அக்கடிவாளத்தைப் பற்றும் புரதத்தையும் மிகுவிக்கின்றதாம். எக்காளமே பகைவனுக்கும் எச்சரிக்கையாய் முடிதல் போலும். எனினும் இன்டர்பெரோனை அறிஞர் கைவிட்டாரல்லர். அமெரிக்காவில் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தார், தீங்கற்றதாக்கிய வைரசின்மேல் இன்டர்பெரோன் மரபணுவை ஏற்றி நெஞ்சறைக்குள் அனுப்பிப் பார்த்தனர். அம்முறையைத் தழுவிய மருந்தொன்று 2022 டிசம்பரிற் சிறுநீர்ப்பைப் புற்றுக்கு அங்கே இசைவு பெற்றது. கல்நார்ப் புற்றுக்கு அது இன்னும் ஆராய்ச்சிப் பொருளே.

இவ்வளவையும் என் மாணாக்கனுக்கு எடுத்துரைத்தேன். நம் நாட்டில் அரசாங்க வைத்தியசாலையிற் சிகிச்சை இலவசம், அது பெருமைக்குரியதே. ஆயின் இப்புதிய மருந்துகளின் விலை ஒரு தோட்டக் குடும்பம் தன் கையாற் கொடுத்து வாங்கக்கூடியதன்று. 2021 இல் 1000 ரூபாவாகவும் 2024 இல் 1350 ரூபாவாகவும் நாட்சம்பளத்தை உயர்த்துதற்கே எத்தனை ஆண்டுப் போராட்டம் வேண்டியிருந்ததென்பதை இம்மாவட்டங்களில் வாழ்வோர் அறிவர். அவன் தாள்களை மடித்துக்கொண்டு, "அப்படியானால் நாலு மாதம்" என்றான்.

அந்த நான்கு திங்களை வைத்துக்கொண்டு, நம் நாட்டின் அண்மை வரலாற்றிற் பன்னிரண்டு நாட்களைப் பார்த்தல் வேண்டும்.

நீலக் கல்நாரை இலங்கை 1987 இலேயே விலக்கிவிட்டது. கூரைத் தகட்டில் இன்றுள்ளது கிறைசோட்டைல் எனப்படும் வெண்கல்நார். சீமெந்தோடு ஏறத்தாழப் பத்திலொரு பங்கு சேர்க்கப்படுவது. வெண்மையானது தீதற்றது என்று அதனை விற்போர் கூறுவர். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றாராய்ச்சிப் பிரிவோ வெண்மை, நீலம், பழுப்பு யாவுமே மனிதருக்குப் புற்றுண்டாக்குவன என்று ஐயமின்றி உரைத்துள்ளது. ஐரோப்பிய ஒன்றியம் 2005 ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் யாவற்றையுந் தடுத்தது. ஒருகாலத்திற் பெருஞ்சுரங்கங்களை உடைத்து உலகெங்கும் விற்ற கனடாவும் 2018 இல் தடுத்தது. நம் நாட்டிலும் 2015 ஆம் ஆண்டில் சனாதிபதி மைத்திரிபால சிறிசேனாவின் அரசாங்கம் 2018 தொடக்கம் இறக்குமதியை நிறுத்துவதென்றும், 2024 அளவிற் பயன்பாட்டையே ஒழிப்பதென்றும் முடிவு செய்தது. நல்ல முடிவு. கேட்டவரெல்லாம் வரவேற்றனர்.

2017 டிசம்பர் மாதம் 18 ஆந் தேதி உருசியா இலங்கைத் தேயிலையை நிறுத்திவைத்தது. அனுப்பப்பட்ட சரக்கொன்றிற் கப்ரா வண்டு என்னும் தானியப்பூச்சி ஒன்று காணப்பட்டதாம். அதுவே சொல்லப்பட்ட காரணம். கல்நார்த் தடை நடைமுறைக்கு வர அப்பொழுது இரண்டே கிழமைகள் இருந்தன. இலங்கைக்குக் கல்நார் பெரும்பாலும் எங்கிருந்து வருகின்றது? உருசியாவிலிருந்து, அங்கே ஊரல் மலைப்பகுதியில் அஸ்பெஸ்ட் என்றே பெயர்கொண்ட நகரமொன்று அச்சுரங்கத்தை நம்பி வாழ்கின்றது. கொழும்பு கல்நார்த் தடையைத் தளர்த்தியது. டிசம்பர் 30 ஆந் தேதி உருசியா தேயிலைத் தடையை நீக்கியது. இது கொடுத்து அது வாங்கியதென எந்த அரசாங்கமும் பத்திரம் எழுதிக் கையொப்பமிடவில்லை. தேதிகள் மட்டும் ஒன்றன்பக்கத்தில் ஒன்றாய் நிற்கின்றன. 2024 ஆம் ஆண்டும் கல்நார் ஒழியாமலே கடந்தது.

அரசாங்கத்தின் அச்சம் பொய்யச்சம் என்று கூறேன். தேயிலை 2017 இல் நாட்டுக்கு ஏறத்தாழ 150 கோடி டொலரை ஈட்டித் தந்த பொருள். உருசியா அதன் பெருங்கொள்வோருள் ஒன்று. ஏலத்தில் விலை வீழ்ந்தால் முதலில் அடிபடுவது இரத்தினபுரியின் சிறுதோட்டச் சிங்கள விவசாயியும், கம்பனித் தோட்டத்துத் தமிழ்த் தொழிலாளியுமே. சப்பிரகமுவத் தேயிலை தாழ்நிலத் தேயிலை, கடுஞ்சாயமுடையது, உருசியரும் மேற்காசிய நாட்டினரும் விரும்பி வாங்குவது இவ்வினத்தையே. ஆகவே கொழுந்தைக் காத்தற்பொருட்டுக் கல்நாரை ஏற்றோம் என்பாரது வாதத்தில் நம் மக்களின் பெயரும் எழுதப்படாமல் எழுதப்பட்டிருக்கின்றது. அவர் பெயரால் வாங்கிய பொருளை அறுத்தவரும் துளையிட்டவரும் சுமந்தவரும், அதன்கீழ்ப் படுத்துறங்குபவரும் அவரே அல்லரா? அவரை யாரும் கேட்கவில்லை. யான் வருந்துவது இதற்கே.

மற்றொரு பக்கமும் உண்டு. வெள்ளையர் காலத்து லயங்களுக்குத் தகரக் கூரை. வெயிலிற் கொதிக்கும், மழையிற் பிள்ளை படிக்கும் ஓசை தாய்க்குக் கேளாது, இருபதாண்டிற் துருவேறி ஒழுகும். அதன் இடத்திற் சீற்று வந்தபொழுது அதனைச் செல்வமென்றே மக்கள் மதித்தனர். துரு இல்லை, இரைச்சல் குறைவு, விலையும் எட்டக்கூடியது. முழுத் தகடு கூரையில் அசையாதிருக்கும்வரை அதனால் வருந் தீங்குஞ் சிறிதே. அறுத்தலும் துளைத்தலும் உடைத்தலுமே இழையை எழுப்புவன. நெடுநாள் மழைபட்டுச் சீமெந்து அரித்த தகடும் அவ்வாறே. இரப்பவனிடம் கூரையைப் பறித்துவிட்டு நலவாழ்வு போதித்தலில் எனக்கு உடன்பாடில்லை. கல்நாரின்றி வேறு நாரிட்ட சீமெந்துத் தகடும், துருப்பிடியா உலோகத் தகடும், ஓடும் உலகிற் கிடையாதனவல்ல. வேறுபாடு விலையிலேதான். அவ்விலையைத் தாங்குதல் யார் கடன் என்பதே வினா.

சப்பிரகமுவவில் இவ்வினாவுக்குத் தனிக் கூர்மை உண்டு. இது சரியும் மலைநாடு. 2016 மே மாதத்தில் அரநாயக்கவிற் சாமசர மலை சரிந்ததையும், மறு ஆண்டு மே மாதத்தில் இரத்தினபுரி வெள்ளத்தில் அமிழ்ந்ததையும் நாம் மறந்திலோம். மலை சரிந்தவிடத்தில் எந்தக் கூரையும் முழுத் தகடாய் நில்லாது. மண்ணுக்குள் மனிதரைத் தேடுவார் தகட்டுத் துண்டுகளை வெறுங்கையால் இழுத்தெறிவர். அவ்வேளையில் எவரும் தூசியை எண்ணார், எண்ணவும் ஆகாது. ஆயினும் அடுத்த கிழமை அத்துண்டுகளை என்செய்வது என்று சொல்வதற்கு ஒருவர் வேண்டாமா?

பிறரைக் குறைகூறுமுன் என் குற்றத்தையும் சொல்லிவிடுகின்றேன். சில ஆண்டுகளுக்கு முன், யான் பணியாற்றிய பாடசாலையொன்றிற் காற்றினாற் கூரை உடைந்தது. அடுத்த நாட் சிரமதானம். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் துண்டுகளைப் பொறுக்கிக் குவித்தனர். உலர்ந்த தும்புத்தடியாற் தரையைப் பெருக்கினர். வெண்புகைபோல் எழுந்த தூசியில் நின்று, "நன்றாகப் பெருக்குங்கள்" என்று ஏவியவன் யான். நீர் தெளித்து நனைத்து, முகத்தை நன்கு மூடி, பெருக்காமல் ஈரத்துணியால் துடைத்தெடுத்து, துண்டுகளை உறையிலிட்டுக் கட்டிப் புதைத்திருக்கவேண்டும் என்பதை இப்பொழுதே அறிகின்றேன். ஒருநாட் தூசியால் நோய் வருதல் மிக அரிது என்று நண்பர் தேற்றினார். அப்பிள்ளைகளுக்கு இப்பொழுது இருபது வயதிருக்கும்.

அயல்நாடு செய்த நற்செயல் ஒன்று நம் கவனத்துக்குரியது. இந்தியா கல்நாரைத் தடுக்கவில்லை. இன்றும் பெருமளவில் இறக்குமதி செய்கின்றது. ஆயினும் 1995 ஆம் ஆண்டில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், தொழிலாளியின் உடல்நலம் அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்து, கல்நார்த் தொழிலாளர் ஒவ்வொருவரின் உடல்நலப் பதிவையும் வேலைதொடங்கிய நாளிலிருந்து 40 ஆண்டு, அன்றி வேலை நீங்கியபின் 15 ஆண்டு, இவற்றுள் எது பிந்தியதோ அதுவரை முதலாளி பேணல்வேண்டும் என்று கட்டளையிட்டது. நோயின் கால அளவையை அறிந்து எழுதிய கட்டளை அது. அக்கட்டளை எங்கும் நிறைவேறிற்றென்று கூறேன். எனினும் ஒரு காகிதம் நாற்பதாண்டு வாழவேண்டும் என்று ஒரு நீதிமன்றம் கருதியது. நம் தோட்டங்களில் நாற்பதாண்டுக்கு முன் யார் என்ன வேலை செய்தார் என்பதற்குச் செக்றோல் புத்தகத்தில் ஒரு பெயரும் நாட்கணக்குமே மிஞ்சும், அப்புத்தகமும் மிஞ்சினால்.

உலக அரங்கில் நிகழ்வதோ இன்னும் வருத்தந் தருவது. தீங்குள்ள பொருளை அனுப்புமுன் வாங்கும் நாட்டுக்கு அதன் தீமையை அறிவித்து இசைவு பெறல்வேண்டும் என்பது ரொட்டர்டாம் உடன்படிக்கை. அப்பட்டியலில் வெண்கல்நாரைச் சேர்க்க 2006 முதற் கூட்டந்தோறும் முயல்கின்றனர். எல்லாரும் ஒருமித்தாலன்றிச் சேர்க்கலாகாதென்பது அங்குள்ள விதி. விற்கும் நாடுகளும் வாங்கும் நாடுகள் சிலவும் மறுத்தலால் அது சேர்ந்தபாடில்லை. தடை செய்யுங்கள் என்றுகூட அங்கே கேட்கவில்லை. தீமையைச் சொல்லி விற்கவேண்டும் என்றே கேட்டனர்.

என் மாணாக்கனின் தந்தை கொழுந்தெடுத்தவரல்லர். தோட்டத்தின் தச்சர். வைத்தியசாலை அட்டையிலோ தொழில் என்னும் இடத்தில் "தோட்டத் தொழிலாளி" என்று மட்டும் எழுதப்பட்டிருந்தது. மருத்துவரிடம் கொடுப்பதற்கென்று, யானும் அவனும் அமர்ந்து, தொலைபேசியில் அப்பெரியவரிடமே கேட்டுக் கேட்டு ஒரு தாளில் எழுதினோம். மூச்சு வாங்கியதால் இடையிடையே நிறுத்தி நிறுத்திச் சொன்னார். 1983 முதல் 1986 வரை கூரை வேலை. சீற்றைக் கைவாளால் அறுத்தது, தமரூசியாற் துளையிட்டது, வாய்க்குத் துணி கட்டாதது. கொழுந்து மடுவம் இரண்டு, பிள்ளைக் காம்பரா ஒன்று, உத்தியோகத்தர் வீடுகள் நான்கு. துணைக்கு நின்று சீற்றைப் பிடித்துக்கொடுத்த பையன் ஒருவன்; அவன் இப்பொழுது எங்கிருக்கின்றான் என்று பெரியவருக்குத் தெரியவில்லை. அம்மடுவங்களுள் ஒன்று இன்றும் அதே கூரையோடு இருப்பதாகவும், மாலையிற் கொழுந்து நிறுப்பது அதன்கீழேதான் என்றும் கூறினார். அதனையும் தாளில் எழுதிக்கொண்டோம்.